முதல் இணையச் செய்தித்தாள் யாருக்காகத் தொடங்கியது?

சாட்ஸ்வொர்த் வாத்தியார் (டர்பன்) – இழையைத் தொடங்கியவர்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இதழியல் வரலாறு சொல்லித்தரப் போகிறேன். அச்சுப் பத்திரிகை வரைக்கும் பாடம் தயார். இணையத்துக்கு வரும்போதுதான் தடுமாற்றம். கையில் கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் கலிபோர்னியாவில் தொடங்கி நியூயார்க்கில் முடிந்துவிடுகின்றன. நம் தென்னாப்பிரிக்காவின் கதை அவற்றில் ஒரு வரிகூட இல்லை.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் முதலில் இணையத்துக்கு வந்த செய்தித்தாள் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து வந்தது. 1994 தொடக்கத்தில், வீக்லி மெயில் அண்ட் கார்டியன் என்ற வார இதழ் ‘எலக்ட்ரானிக் மெயில் அண்ட் கார்டியன்’ சேவையைத் தொடங்கியது. எல்லா இனத்தவரும் முதன்முறையாக ஓட்டுப் போட்ட ஏப்ரல் 27 தேர்தலுக்கு முந்தைய மாதங்கள் அவை. முதலில் வலைத்தளம் கிடையாது. சந்தா சேர்ந்தவர்களுக்கு அந்த வாரக் கட்டுரைகள் மின்னஞ்சலில் போகும், அவ்வளவுதான். நாட்டுக்கு வெளியே இருந்த வாசகர்களை நினைத்துத் தொடங்கிய ஏற்பாடு அது. அச்சுப் பிரதி தபாலில் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர்கள் படித்துவிடலாம். தொண்டு நிறுவனங்களுக்கு வலையமைப்பு நடத்திவந்த சாங்கோநெட் கூட்டுச் சேர்ந்தது. அப்புறம் பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் காப்பகம் வந்தது. பிறகு வலைத்தளம், பிறகு அன்றாடச் செய்தி.

இதை வைத்து நான் சொல்ல வருவது இது: இணைய இதழியலை முன்னுக்குத் தள்ளியவர் தூரத்தில் இருந்த வாசகர். வீட்டு வாசலில் பேப்பர் விழுகிறவருக்கு 1994இல் இணையம் தேவைப்படவில்லை. லண்டனிலும் டொரோன்டோவிலும் உட்கார்ந்து, ஊரில் என்ன நடக்கிறதோ என்று தவித்தவருக்குத்தான் தேவைப்பட்டது. தமிழ் இணைய இதழ்களின் கதையும் இதேதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மிட்ராண்ட் செல்வி (ஜோகன்னஸ்பர்க்)

நல்ல இழை, ஐயா. ஆனால் தவிப்பு மட்டும் இருந்தால் செய்தி போய்ச் சேராது. கம்பி வேண்டும். அந்தக் கம்பி வந்த கதையையும் பாடத்தில் சேருங்கள்.

நிறவெறி ஆட்சிக்காக நம் நாட்டின்மேல் பொருளாதாரத் தடை இருந்த காலம். வெளிநாட்டு வலையமைப்புகளோடு நேரடியாக இணைவது நம் பல்கலைக்கழகங்களுக்குச் சுலபமாக இல்லை. கிரஹாம்ஸ்டவுனில் இருந்த ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக் லாரியும் அவரோடு இருந்தவர்களும் தொலைபேசி வழியே கணினிகள் அஞ்சல் பரிமாறிக்கொண்ட ஃபிடோநெட் வலையமைப்பு வழியாக ஒரு பாதை கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரில், ராண்டி புஷ் என்பவருடைய வீட்டுக்கு மோடத்தில் தொலைபேசி போட்டு, சேர்த்து வைத்த மின்னஞ்சல்களை மொத்தமாகக் கொடுத்து வாங்குவார்கள். 1991 நவம்பரில் அதே வீட்டுக்கும் ரோட்ஸுக்கும் இடையே நேரடி இணைய இணைப்பு கிடைத்தது. ஒரு நாட்டின் இணையம் ஒரு தனி மனிதரின் வீட்டு வழியாக வந்திருக்கிறது! இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

கலிபோர்னியாக் கதையையும் அடியோடு தள்ளிவிட வேண்டாம். 1993இல் மொசைக் உலாவி வந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரண மனிதர் வலைப்பக்கம் பார்க்க முடிந்தது. பாலோ ஆல்டோ வீக்லி என்ற சின்ன ஊர்ப் பத்திரிகை 1994 ஜனவரியில் தன் இதழை ஒழுங்காக வலையில் போடத் தொடங்கியது. லண்டன் டெய்லி டெலிகிராஃப் 1994 நவம்பரில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் வருவதற்கு 1996 ஜனவரி ஆகிவிட்டது. இந்தியாவில் தி ஹிந்து 1995இல் வந்தது. ஆகவே ஜோகன்னஸ்பர்க் வார இதழ் உலக வரிசையிலேயே முன்னால் நிற்கிறது. ‘ஆப்பிரிக்காவில் முதல்’ என்று மட்டும் சொன்னால் அந்தப் பெருமை பாதியாகக் குறைந்துவிடும்.

பழைய ஈயம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வாத்தியார் தம்பிக்கும் செல்வி அம்மாவுக்கும் வணக்கம். நான் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஆங்கிலம்தான் முக்கால்வாசி வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அழைப்பு, இவற்றுக்கு மட்டும் தமிழ் எழுத்துப் பெட்டியை (கேஸ்) இழுப்போம்.

அந்த வார இதழ் ஏன் முந்திக்கொண்டது என்பதற்கு நான் வேறொரு காரணம் சொல்வேன். 1985இல் ராண்ட் டெய்லி மெயில் மூடப்பட்டது. வேலை போன பத்திரிகையாளர்கள் கைக்கு வந்த பணத்தைப் போட்டு, ஆன்டன் ஹார்பர், இர்வின் மனோயிம் தலைமையில் அதே ஆண்டு வீக்லி மெயிலைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு வீக்லி மெயில் அண்ட் கார்டியன் ஆனது. சொந்தமாகப் பெரிய அச்சுக்கூடம் வைக்க வசதி இல்லை. ஆகவே ஆப்பிள் மேக்கிண்டாஷ் கணினியில் பக்கம் கட்டினார்கள். உலகத்திலேயே அப்படிச் செய்த முதல் சில பத்திரிகைகளில் அது ஒன்று. எங்கள் தொழில் செய்தவர்களுக்கு அந்தச் செய்தி இடி மாதிரி இறங்கியது. ஒரு மேசை, ஒரு பெட்டி, பக்கம் தயார்! நான் இருந்த அச்சகம் சில ஆண்டுகளில் கம்பாசிடர்களை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் அந்தப் பத்திரிகையின் மேல் கோபம் வந்ததே இல்லை.

ஏனென்றால் 1980களின் அவசரநிலைக் காலத்தில் அது அடிபட்டதை நாங்கள் பார்த்தோம். சட்டம் தடுத்த வரிகளைக் கறுப்புப் பட்டையால் மறைத்து அப்படியே அச்சடித்து விற்றார்கள். எது மறைக்கப்பட்டது என்று வாசகருக்குத் தெரியட்டும் என்ற துணிச்சல் அது. 1988 நவம்பரில் அரசாங்கம் ஒரு மாதம் பத்திரிகையையே நிறுத்தி வைத்தது. இப்படி வளர்ந்தவர்களுக்குச் செய்தியை எந்த வழியிலாவது வெளியே கடத்துவது பழக்கமாகவே ஆகியிருந்தது. கணினியில் பக்கம் கட்டியதால் கட்டுரைகள் எல்லாம் ஏற்கெனவே கோப்பாகக் கிடந்தன. அனுப்புவதற்குத் தனி உழைப்பு வேண்டியதில்லை. பணமில்லாத பத்திரிகை என்பதால் முந்தியது, தம்பி. பணக்காரப் பத்திரிகைகள் எந்திரத்தில் போட்ட முதலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

லெனேசியா மாணவி

தாத்தா, ஒரு கேள்வி. அப்போது வீட்டில் எப்படிப் படித்தார்கள்? இன்றைக்கு டேட்டா விலையே எங்களுக்குக் கட்டவில்லை.

மிட்ராண்ட் செல்வி

வீட்டில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், தங்கச்சி. பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், சில அலுவலகங்கள். டெல்காம் ஒன்றே ஒன்றுதான் கம்பித் தொலைபேசி நிறுவனம். உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கில் காசு. மோடம் இணைந்து இருக்கிற நேரம் முழுக்க மீட்டர் ஓடும். அதனால் மின்னஞ்சலை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆற அமரப் படிப்பார்கள். மின்னஞ்சல் இதழ் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். வலைப்பக்கத்தைப் படிக்க இணைப்பிலேயே இருக்க வேண்டும், மின்னஞ்சலுக்கு அது வேண்டாம்.

கடல்தாண்டி (போர்ட் எலிசபெத்)

வாத்தியார் சொன்ன தூரத்துக்கு என்னிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது. பர்மா. என் அம்மா வழிச் சொந்தங்கள் மோல்மீன் பக்கம் இருந்ததால் அந்த நாட்டுச் செய்தியை எப்போதும் தேடிப் படிப்பேன். 1990களில் பர்மாநெட் என்ற மின்னஞ்சல் தொகுப்பு வரும். பல பத்திரிகைகளில் பர்மாவைப் பற்றி வந்ததை எல்லாம் ஒன்றாகக் கட்டி அனுப்புவார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. 1996இல் ராணுவ அரசு ஒரு கணினிச் சட்டம் போட்டது. அனுமதியில்லாமல் மோடம் வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு வரை சிறை. ஆகவே பர்மாவின் சுதந்திரமான இணைய இதழியல் முழுக்க நாட்டுக்கு வெளியே வளர்ந்தது. இராவதி பத்திரிகை தாய்லாந்தில். மிஸ்ஸிமா 1998இல் புது டெல்லியில்.

அதே காலத்தில், 1997இல், ஈழத்துச் செய்திகளுக்காகத் தமிழ்நெட் தளம் ஆங்கிலத்தில் தொடங்கியது. அதையும் வெளியே இருந்தவர்கள்தான் நாள் தவறாமல் படித்தார்கள். போர் நடந்த ஊரில் மின்சாரமே இல்லை.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

அருமை. பர்மா எனக்குத் தோன்றவே இல்லை. பாடத்தில் சேர்க்கிறேன். பெரியவர் சொன்ன ‘பணமில்லாததால் முந்தியது’ என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

பணம் என்றதும் கேட்கிறேன். அந்த முதல் பத்தாண்டில் யாராவது இதில் சம்பாதித்தார்களா?

வெஸ்ட்வில் கணக்கர் (டர்பன்)

செய்தியில் சம்பாதித்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் ஸ்லேட் என்ற இணைய இதழ் 1996இல் வந்தது. பின்னால் மைக்ரோசாஃப்ட் என்ற பெரிய கை. 1998இல் வாசகரிடம் ஆண்டுச் சந்தா கேட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டு இலவசமாக்கினார்கள். மைக்ரோசாஃப்டுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் நாஸ்பர்ஸ் கதை முக்கியம். 1915இல் ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரர்களின் அரசியல் பத்திரிகையை நடத்தத் தொடங்கிய நிறுவனம் அது. 1997இல் எம்-வெப் என்ற இணைய இணைப்புச் சேவை, 1998இல் நியூஸ்24 தளம். எலக்ட்ரானிக் மெயில் அண்ட் கார்டியனிலும் எம்-வெப் கூட்டாளியாகச் சேர்ந்தது. பிறகு 2001இல் சீனாவில் டென்சென்ட் என்ற சின்ன நிறுவனத்தில் சுமார் 46 விழுக்காட்டுப் பங்கை 32 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். அது பல்லாயிரம் கோடியாகப் பெருகியது. செய்தித்தாள்காரர்கள் இணையத்தில் அள்ளிய பணம் செய்தியில் வந்ததல்ல. சீன அரட்டைச் செயலியில் வந்தது. விளம்பரப் பணமோ, பத்திரிகைகளை விட்டுத் தேடுபொறிப் பக்கம் போய்விட்டது. வேலைவாய்ப்பு, வாடகை வீடு, பழைய கார் என்று சனிக்கிழமைப் பேப்பரில் பக்கம் பக்கமாக வந்த வரி விளம்பரங்கள்தான் நிருபர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன. அவை போனபின் எத்தனை செய்தி அறைகள் காலியாயின என்று எல்லோருக்கும் தெரியும்.

லெனேசியா மாணவி

அப்படியானால் தமிழில் யார் காசு போட்டு நடத்தினார்கள்?

மிட்ராண்ட் செல்வி

பெரும்பாலும் யாரும் காசு எதிர்பார்க்காமல் செய்ததுதான். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம்.

1995 அக்டோபரில் சிங்கப்பூரில், நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளைத் தொகுத்து ஒரு வலைத்தளம் திறந்தார்கள். அதில் தமிழ் எழுத்து வலையில் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர். 1999இல் காலமாகிவிட்டார், இன்னும் இருந்திருக்க வேண்டியவர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் செய்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பட்டியலைப் பாருங்கள்: சிங்கப்பூர், கோலாலம்பூர், சுவிட்சர்லாந்தின் லோசான். வாத்தியார் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இதழ்களும் அப்படித்தான். ‘திண்ணை’ 1999இல் அமெரிக்காவில் இருந்த தமிழர்கள் தொடங்கியது. ‘பதிவுகள்’ டொரோன்டோவில் இருந்து வந்தது. தமிழ்நாட்டில் ‘ஆறாம்திணை’யும் சுஜாதா ஆசிரியராக இருந்த ‘அம்பல’மும் வந்தன. அவற்றையும் கடல் கடந்தவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

ஆனால் என்ன கஷ்டம் தெரியுமா? ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. இந்த நாளிதழுக்கு ஒன்று, அந்த வார இதழுக்கு இன்னொன்று. இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். ஒழுங்கு கொண்டுவரத்தான் தகுதரம் என்ற டிஸ்கி குறியேற்றத்தை (எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற பட்டியலை) மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு (ஈழச் செய்தித் தளம் வேறு, இது வேறு) கூடி, டாம், டாப் குறியேற்றங்களையும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. ஆக, ஒழுங்குகளே பல ஆகிவிட்டன! கடைசியில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) வந்து காப்பாற்றியது. மாலன் 2003இல் தொடங்கிய ‘திசைகள்’ ஒருங்குறியிலேயே வந்தது. ஆங்கில இதழுக்கு இந்தச் சண்டை எதுவுமே இல்லை. அவர்கள் 1994இல் போட்ட வரியை இன்றைய கைப்பேசியும் அப்படியே காட்டும். நம்முடைய 1999ஆம் ஆண்டு வரியை மாற்றாமல் படிக்க முடியாது.

பழைய ஈயம்

இதைப் படித்ததும் 1906 ஞாபகம் வருகிறது. டர்பனில் கிரே ஸ்ட்ரீட்டில் இருந்த அச்சகத்தில் 1903 ஜூனில் இந்தியன் ஒப்பீனியன் வந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நான்கும் ஒரே இதழில். அடுத்த ஆண்டு அச்சகம் டர்பனுக்கு வெளியே ஃபீனிக்ஸுக்குப் போயிற்று. 1906இல் தமிழையும் இந்தியையும் நிறுத்திவிட்டார்கள். ஆசிரியரும் கம்பாசிடரும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். கரும்புத் தோட்டங்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எழுத்துக் கோக்க ஆள் இல்லை! அப்புறம் 1908இல் பி. எஸ். ஐயர் ‘ஆப்பிரிக்கன் கிரானிகிள்’ கொண்டுவந்தார், தமிழும் ஆங்கிலமுமாக. தமிழ்ப் பத்திரிகைக்குத் தடை எப்போதும் எழுத்தில் வந்து நிற்கிறது. அன்றைக்கு ஈயம், பிறகு எழுத்துரு.

வெஸ்ட்வில் கணக்கர்

பெரியவர் மன்னிக்க வேண்டும், இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒருங்குறி வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் தமிழ் இணைய இதழ் எங்கே? ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் 1999 ஜனவரியிலேயே லிட்நெட் தொடங்கினார்கள். எட்டியென் ஃபான் ஹீர்டன் என்ற நாவலாசிரியர் ஆரம்பித்தது. கதை, கவிதை, விவாதம், ஆய்வுக் கட்டுரை என்று இன்றும் நடக்கிறது. அந்த மொழிக்காரர்கள் யாரும் தூர தேசத்தில் உட்கார்ந்து தவிக்கவில்லை. இங்கேயேதான் இருந்தார்கள். ஆகவே வாத்தியாரின் தூரமும் முழு விடை ஆகாது.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

நியாயமான கேள்வி. ஆஃப்ரிகான்ஸுக்குப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பதிப்பகம், நாஸ்பர்ஸ் எல்லாம் இருந்தன. இணையம் வந்தபோது எழுதவும் படிக்கவும் பயிற்சி பெற்ற கூட்டம் தயாராக நின்றது. நமக்கு அது இல்லை. 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்கு ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் ஐந்தாவது ஆறாவது தலைமுறை நாம். லீடர், கிராஃபிக், போஸ்ட் என்று நம் வீட்டுக்கு வந்த பத்திரிகைகள் எல்லாம் ஆங்கிலம். தமிழ் நம்மிடம் காதில் தங்கியது: தேவாரம், கும்மி, 1983 முதல் லோட்டஸ் வானொலி. அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழி என்கிறது. ஆனால் வாசிக்கிற கண்ணைச் சட்டம் தராது.

ஆகவே என் கருத்தை இப்படித் திருத்தி எழுதலாம் என்று இருக்கிறேன்: தூரத்தில் இருந்தும் இன்னும் தன் மொழியில் படிக்கத் தெரிந்த வாசகர். டொரோன்டோத் தமிழருக்கு இரண்டும் இருந்தன. நமக்குத் தூரம் மட்டும் மிஞ்சியது.

கடல்தாண்டி

அதை அவ்வளவு இறுதியாக எழுதாதீர்கள், ஐயா. 2000ஆம் ஆண்டுவாக்கில் இங்கேயும் சில கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் மாதச் செய்தி மடல் கணினியில் அடித்தன. எங்கள் சங்கத்தின் மடல் ஒரு குறுந்தகட்டில் என்னிடம் இருக்கிறது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கல்யாணம், இறப்பு, காவடி அறிவிப்பு, பிள்ளைகள் எழுதிய சின்னக் கட்டுரைகள். திறந்தால் தமிழ்ப் பாதி முழுக்கக் குப்பையாகத் தெரிகிறது. அதையும் இதழியல் என்றுதான் நான் சொல்வேன்.

லெனேசியா மாணவி

அதைப் படிக்க முடிந்தால் எனக்கு வேண்டும், அண்ணா! கல்லூரிக் கட்டுரைக்கு இந்த நாட்டில் எழுதப்பட்ட தமிழைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைப்பதெல்லாம் 1914க்கு முந்தையது.

மிட்ராண்ட் செல்வி

கடல்தாண்டி அண்ணா, அது குப்பை இல்லை, குறியேற்றம் வேறு, அவ்வளவுதான். தகட்டை உடனே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். பழைய குறுந்தகடு திடீரென்று படிக்காமல் போகும். மூலக் கோப்பைத் திறந்து சேமிக்கவே வேண்டாம், சேமித்தால் சில எழுத்துகள் நிரந்தரமாகப் போய்விடும். வேர்டு கோப்பு என்றால் எழுத்துரு பட்டியலில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். பெயர் டிஎஸ்சி என்று தொடங்கினால் தகுதரம், டாப் என்று தொடங்கினால் டாப். என்எச்எம் மாற்றியிலோ பொங்குதமிழ் மாற்றியிலோ அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பத்தியை மட்டும் போட்டுப் பாருங்கள். பழைய குறியேற்றத்தில் ‘கெ’ என்று எழுத முதலில் கொம்பும் பிறகு ‘க’வும் இருக்கும், ஒருங்குறியில் அது தலைகீழ். மாற்றி அதைச் சரிசெய்துவிடும், ஆனால் ஆங்கிலம் கலந்த வரிகளில் சொதப்பும். அந்த வரிகளைக் கையால் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கடல்தாண்டி

பார்த்தேன். டிஎஸ்சி என்றுதான் தொடங்குகிறது. ஒரு பத்தி மாற்றினேன், மாரியம்மன் கோயில் கஞ்சி ஊற்றும் அறிவிப்பு வருகிறது! இங்கே மின்வெட்டு தொடங்கப் போகிறது, மீதியை ராத்திரி செய்கிறேன்.

பழைய ஈயம்

மாற்றியதை எனக்கு அனுப்புங்கள், தம்பி. ப்ரூஃப் நான் பார்க்கிறேன்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்

பெரியவர் பார்த்து முடித்ததும் ஒரு பிரதி எனக்கு. இரண்டாம் பாடத்தை அந்த மடலில் இருந்தே தொடங்குகிறேன், ஜோகன்னஸ்பர்க் 1994 அதற்குப் பிறகு வரட்டும். இறப்பு அறிவிப்புகளை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். குடும்பத்தாரைக் கேட்காமல் வகுப்பில் காட்ட வேண்டாம்.